பிசிறு எடுக்காத படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் என் மனைவிக்கு முகம் பாதிதான் இருக்கிறது. மூக்குக்குக் கீழே ஒரு குழந்தைச் சட்டை மறைத்துக்கொண்டிருக்கிறது. சட்டையில் ஒரு குரங்கு. அதுவும் கலங்கிப்போன குரங்கு. காரியத்துக்கு வந்த உறவினர்கள், வேறு நல்ல படமே கிடைக்கவில்லையா என்று கேட்காமல் கேட்டார்கள். நல்ல படங்கள் நிறைய இருந்தன. அதுதான் என் வேதனை.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் என்று குறைகளைப் படம் பிடித்து, வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்ப வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு அதே கம்பெனியில் செக்கிங். துணியில் தொங்கும் நூலைப் பிசிறு என்போம். நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிறவள், வீடு திரும்பும்போது தலையிலும் புடவையிலும் பிசிறும் பஞ்சுமாகத்தான் வருவாள்.

மகளின் பிறந்தநாளோ பொங்கலோ, போனைத் தூக்கியதும் என் கண் முதலில் அதற்குத்தான் போகும். "பிசிறு இருக்குது பாரு, எடுத்துட்டு வா" என்பேன். அவள் கண்ணாடி முன்னால் போய்த் தலையைச் சீவி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வருவதற்குள், எதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாளோ அது முடிந்துபோயிருக்கும். ஆடாமல் அசையாமல் நிற்பாள். நானும் திருப்தியாக எடுப்பேன். "ஏனுங்க, நானென்ன சாம்பிள் பீஸுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். கேலி என்று விட்டுவிட்டேன். பாதி கேலிதான். மீதியை நான் காதில் வாங்கவில்லை.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். தெருமுனையில் வைக்கும் பேனருக்குப் படம் வேண்டும் என்று அவள் தம்பி கேட்டபோது நானே ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். பட்டுப்புடவை, நல்ல வெளிச்சம், ஒரு குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாவது படிக்கும் மகள் அந்த பேனருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "இது அம்மா மாதிரியே இல்லீங்கப்பா" என்றாள். அதுவரை அழாதிருந்த நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

காரியத்துக்குள்ளாவது அவளைப் போலவே இருக்கும் ஒரு படத்தை மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று போனைத் துழாவினேன். ஆயிரக்கணக்கில் கறைகள், ஓட்டைகள். சிலவற்றின் ஓரத்தில், துணியை விரித்துப் பிடித்திருக்கும் அவள் கட்டைவிரல் மட்டும் இருந்தது. பையருக்குக் கை தெரியக் கூடாது என்று மீதியை வெட்டியவன் நான்தான். வெட்கமாக இருந்தது.

கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள், நான் வேண்டாமென்று ஒதுக்கிய படங்களுக்குள். முன்பொரு ஞாயிற்றுக்கிழமை அவசரமாக அனுப்ப வேண்டிய சாம்பிள் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சமையலறைக் கதவோரம், வெளிச்சம் விழும் இடத்தில், மனைவியை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். அவள் சட்டைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கீழ ஒரு கொரங்கு, மேல ஒரு கொரங்காட்டம் இருக்குதுங்களா?" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டை ஆடிவிட்டது. "ஆட்டாத நில்லு" என்று கடிந்துகொண்டு மறுபடி எடுத்தேன். சரியாக வந்ததில் அவள் இல்லை. கெட்டுப்போனதில் கண் இரண்டும் சிரிக்கின்றன.

இப்போதெல்லாம் மகளை நான் நிற்கச் சொல்வதில்லை. ஜடை பின்னும்போதும், வாயில் இட்லியோடு புத்தகம் தேடும்போதும் எடுக்கிறேன். பாதிப் படங்கள் கலங்கியிருக்கின்றன. "அம்மாவை இப்பிடி எடுத்திருக்கலாமுங்களே" என்று ஒருமுறை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கூடத்துப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "முடியில என்னமோ பஞ்சாட்டம் ஒட்டீட்டிருக்குதுங்க, அழிச்சுப் போடட்டுங்களா?" என்று கேட்டார். நானாக இருந்தால் கேட்காமலேயே அழித்திருப்பேன். "இருக்கட்டுங்க" என்றேன்.

தினமும் காலையில் அந்தப் படத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். வகிட்டுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பிசிறைப் பார்த்ததும், பழக்கதோஷம், எடுத்துவிடக் கை நீள்கிறது. விரலில் கண்ணாடிதான் படுகிறது.