ஜெர்மேன் பிடித்த சுரம்

நான் திருடன். உங்களை அழவைத்த அந்தக் கடைசி இரண்டு நிமிடங்கள் என்னுடையவை அல்ல!

நினைவிருக்கிறதா? ஆறு வருடங்களுக்கு முன், புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய அரங்கில், நான் எழுதிய ‘ஒலித்திரள்’ இசைக்கோவை முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். நானும் வெட்கமில்லாமல் குனிந்து வணங்கினேன்.

ஒலித்திரளில் மெட்டு கிடையாது, தாளமும் கிடையாது. இருபத்து நான்கு பேர், ஆளுக்கொரு சுரம். ஒன்றுக்கொன்று நூலிழை விலகிய சுரங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்து நின்றால் தனிக்குரல் எதுவும் காதில் தேறாது. தூரத்திலிருந்து கேட்கும் சந்தை இரைச்சல் மாதிரி, அடர்த்தியான ஒரே ஒலி!

பிரான்சில் படித்துவிட்டு வந்த கர்வத்தில் அதை எழுதினேன். பாட வந்தவர்களோ மாதா கோயில் பாடகர் குழுவினர். பக்கத்துக் குரலோடு ஒட்டிப் பாடியே வளர்ந்தவர்கள். “பக்கத்துல இருக்கறவங்களக் கேக்காதீங்க!” என்று ஒத்திகைதோறும் தொண்டை வறளக் கத்தினேன்.

அரியாங்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஜெர்மேனுக்கு அது கடைசிவரை கைவரவில்லை. நிகழ்ச்சியன்று, முடிவதற்குச் சற்று முன், பழக்கதோஷத்தில் பக்கத்துக் குரலோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அவரைக் கேட்டு அடுத்தவர், அவரைக் கேட்டு இன்னொருவர்... என் திரள் கண்முன்னே கரைந்தது. இருபத்து நான்கு குரல்களும் ஒரே சுரத்தில் வந்து நின்றன.

திரைக்குப் பின்னால், எல்லோர் முன்னிலையிலும், “மொத்தத்தையும் கெடுத்துட்டீங்களே!” என்று ஜெர்மேனிடம் சீறினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகுதான் நீங்கள் வந்தீர்கள், ஈரக் கண்களோடு. அந்த முடிவு எப்படித் தோன்றியது என்று கேட்டீர்கள். “ரொம்ப நாள் யோசிச்சேன்” என்றேன்... கொஞ்சமும் நாக்கூசாமல்! மறுநாளே அந்த முடிவை இசைத்தாளில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

பயத்தால் மறைத்தேனா? இல்லை. பேராசை. வேறென்ன?

இப்போது அதை மீண்டும் அரங்கேற்றப் போகிறோம். புதிய குழு தாளில் உள்ளபடியே பாடுகிறது. பிழையில்லை, உயிரும் இல்லை. போன வாரம் ஜெர்மேனின் கடைக்குப் போனேன். அவருக்காகப் போனேனா, என் இசைக்காகவா? சத்தியமாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தையல் இயந்திரம் நின்றது.

“அப்ப நான் கெடுக்கலையா மாஸ்டர்?”

“இல்லீங்க. அத உண்டாக்கினதே நீங்கதான்.”

“ஆறு வருஷம் மாஸ்டர்... பூசையிலகூட வாயத் தொறக்கல நான்.”

அவர் ரவிக்கைத் துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

“பிராக்டீஸ் என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழம. நாலு மணிக்கு.”

“வர்றேன். பாடணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா உங்கள மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காதீங்க.”

தாளில் என் கையெழுத்துக்கு மேலே, ‘முடிவு: ஜெர்மேன்’ என்று எழுதிவிட்டேன். அரங்கேற்றத்தன்று மேடையிலும் சொல்வேன். அதற்கு முன் உங்களிடம்.

ஞாயிறன்று சொன்னபடியே வந்தார். முதல் தடவை குரல் கரகரத்து உடைந்தது. மூன்றாம் தடவை அவர் பக்கத்துக் குரலில் போய்ச் சேர, ஒவ்வொருவராக எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து ஜெர்மேன் சிரித்தார்; என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.