பழைய வீக்கம்தானே

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ‘ஹாரனக்கா’ என்று பேர். வண்டியின் ஹாரனுக்கு ஒதுங்காதவர்களும் அவள் குரலுக்கு ஒதுங்குவார்கள்.

சொந்த உடம்பே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய் அவளுக்குப் பல வருடங்களாக உண்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதோடு அந்த நினைப்பு போய்விடும். கழுத்தில் லேசான வீக்கம் எப்போதும் இருந்தது. அதனால் அறுபதை நெருங்கும் வயதில் அது பெருத்தபோது யாரும் பெரிதுபடுத்தவில்லை. குரல் கம்மியது.

“கத்திக் கத்தித் தொண்டை தேஞ்சுபோச்சு அண்ணி” என்றாள் நாத்தனார். இவளும் சிரித்தாள்.

சில வாரங்களில் சாப்பாடு தண்ணீர் குடித்தால்தான் இறங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள். கணவர் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனார்.

மெல்லிய ஊசிப் பரிசோதனையில் பழைய அழற்சிதான் என்று வந்தது. கணவருக்குப் போன உயிர் திரும்பியது. டாக்டருக்குத் திருப்தியில்லை.

“பழைய நோய் இவ்வளவு வேகமா வளராதும்மா. பெரிய ஊசியில கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம்.”

“அதான் ஒண்ணுமில்லேன்னு வந்துடுச்சே?” என்றார் கணவர்.

“சின்ன ஊசியில கொஞ்சம் செல்லுதான் வரும். அதுல ரெண்டு நோயும் ஒரே மாதிரி தெரியும், ஏமாத்திடும்.”

சதையில் தெரிந்தது லிம்போமா, தைராய்டிலேயே தோன்றும் ஒருவகைப் புற்றுநோய். இவளைப் போன்ற நோயாளிகளுக்கும் மிக அரிதாகத்தான் வரும் என்றார் டாக்டர்.

“குலுக்கல்ல ஒரு டம்ளர்கூட விழுந்ததில்ல எனக்கு. இது மட்டும் கரெக்டா விழுந்திருக்கு பாருங்க” என்றாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கழுத்தை அறுத்துடுவீங்களா?”

“வேண்டியதில்லம்மா. மருந்துக்கே கரையும்.”

முதல் மருந்து ஏறிய சில நாட்களிலேயே வீக்கம் வடிந்தது. ஆனால் முடி கொட்டியது, வாயெல்லாம் புண். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். கணவர் தரையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கதிர்வீச்சும் முடிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை.

இப்போது காலை வகுப்புகளுக்கு மட்டும் போகிறாள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாட்களில் மட்டும் கணவரை ஓட்டச் சொல்லிவிட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்தபடி பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள்.