பாட்டுக்குப் பதில் லத்தீன்

காஜா பேராங் வட்டாரத்தில் லத்தீன் டீச்சர் என்றால் ருக்மணி ஒருத்திதான். லோரி ஓட்டும் அப்பாசாமியின் மகளுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை.

கான்வென்டில் மற்றப் பெண்கள் லத்தீன் என்றாலே முகம் சுளித்தார்கள். ருக்மணிக்கு அது அல்வா சாப்பிடுவது மாதிரி. ‘அமோ’ என்ற ஒரே சொல்லில் ‘நான் நேசிக்கிறேன்’ அடங்கிவிடும். வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பான். ‘தே அமோ’ என்றாலும் ‘அமோ தே’ என்றாலும் ‘உன்னை நேசிக்கிறேன்’தான். வீட்டில் பேசுகிற தமிழ் மாதிரியே இருக்கிறதே என்று பூரித்துப்போனாள்.

1957, மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு ஒரு மாதம் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் படித்தால் அவள் ஆசிரியை. அந்த நேரம் பார்த்துப் புக்கிட் பாருவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நடராஜன், குமாஸ்தா. அவன் தாயார் கேசரியை ருசி பார்த்துவிட்டு, "படிச்சது போதும், தையிலயே வெச்சுக்கலாம்," என்றார். பிறகு வழக்கப்படி, "ஒரு பாட்டுப் பாடும்மா."

அப்பா மடியிலிருந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார். படிப்பு கோவிந்தாதான் என்று ருக்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்டு வராதுங்க. லத்தீன் வரும்," என்று நிமிர்ந்து நின்றாள். "அமோ, அமாஸ், அமாத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த்."

மாப்பிள்ளையின் மாமா ராஜரத்தினம் சுலோகம் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டார். தாயார் விடவில்லை. "அர்த்தம் என்னம்மா?"

மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை. "நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்..." ஆறையும் சொல்லி முடித்தாள்.

மாமா கூப்பிய கையை மெல்ல இறக்கினார். ருக்மணிக்கு அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. நாலு பேர் முன்னால் அவர் தலை குனிய வேண்டியதாகிவிட்டதே.

அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க," என்றார். "எம்மவ இன்னும் படிக்கணும்."

நடராஜன் இரண்டு வருஷமும் காத்திருந்தான், அது அவன் பெருமை. அன்று வந்தவர்கள் போன பிறகு அப்பாசாமி மகளிடம், "அத இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்று கேட்டு வாங்கிக்கொண்டார்; ‘உன்னை’க்கு என்ன சொல் என்றும் கேட்டு வைத்துக்கொண்டார். பாசமான வார்த்தை எதையும் தமிழில் சொல்லிப் பழகாத மனிதர் அவர்.

ருக்மணி ஆசிரியையாக முதல் நாள் போனபோது, அவரே லோரியில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். பிறகு தலையை வெளியே நீட்டி, வாசலில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தே அமோ, டீச்சர்."