அவர் தூங்கிய வாரங்களில் நான் எழுதியது

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் யாரும் ஷிப்டுக்குப் போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இந்த வாரம் விடியற்காலை நாலரைக்கு அடுப்பு எரியும். அடுத்த வாரம் மதியம் ஒரு மணிக்குள் சாப்பாட்டு டப்பா கட்ட வேண்டும். அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பவரை மதியம் எழுப்ப வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஷிப்ட் அட்டவணை சொல்கிறபடிதான் எங்கள் வீட்டில் பசியே எடுக்கும். இதில் ஒரே நேரத்துக்கு நான் எங்கே போவேன்?

அட்டவணை என் வீட்டுக்காரருடையது. சுரங்கத்தில், கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் இருபத்திரண்டு வருடமாக பர்மனென்ட் வேலை. ஜூன் மாதம் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். குவார்ட்டர்ஸின் சின்ன அறை காலியானது. அவளுடைய மேஜையைத் துடைத்தேன், மிச்சம் வைத்துப்போன நோட்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்குள் அச்சில் வருகிற மாதிரி ஒரே ஒரு கதையாவது எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. என்ன எழுதுகிறாய் என்று அவர் கேட்டபோது, சும்மா என்றேன்.

முதல் எதிரி காலிங் பெல். காலை ஒன்பதரைக்கு மேல் எங்கள் பிளாக்கில் ஆண்கள் இல்லாத வீடு என்றால் பொதுச்சொத்து. மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்து கேட்டு ஒருவர் வருவார், தயிருக்கு உறை மோர் கேட்டு ஒருவர் வருவார், ஒன்றும் கேட்காமலே ஒருவர் வந்து உட்காருவார். இவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே ஆளாகச் செய்தால் எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா வருவார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர், தங்கமானவர், ஆனால் பெல்லில் விரலை வைத்தால் எடுக்க மாட்டார். "சும்மாதானே கீற?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் துணி ஊற வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பிழிந்து தருகிறேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். ஊறாத துணியை அவசரமாக ஊறவைத்து, இரண்டு பேருமாகப் பிழிந்தோம்.

நைட் ஷிப்ட் வாரம் மட்டும் எனக்குக் கிடைத்தது. ராத்திரி வேலை பார்த்த ஆள் பகலில் தூங்குகிறார் என்றால் எங்கள் டவுன்ஷிப்பில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. காய்கறி வண்டிக்காரர்கூட எங்கள் கேட்டைத் தாண்டும்வரை குரலை அடக்குவார். மிக்சி ஓடாது, டிவி கிடையாது, குக்கர் விசிலை எல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வீட்டுக்காரி சத்தமில்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்குக் குடும்பப் பொறுப்பு. ஏழரைக்கு அவர் படுத்தால் ஒன்றரை வரை எனக்கு அறை, மேஜை, நோட்டு. எதிர் அக்கா மட்டும் முதல் இரண்டு மாதம் அந்த வாரங்களிலும் விரலை வைத்தார். ஆகஸ்டிலிருந்து அவரும் நிறுத்திவிட்டார். ஒருவழியாக அவருக்கும் புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் நைட் ஷிப்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். கண் சிவந்து, கால் வீங்கி, ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் மனுஷன் வாசலில் வந்து நிற்பார். நான் உள்ளுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருப்பேன், இன்னும் ஐந்து காலை இருக்கிறது என்று.

ஆகஸ்டில் அவருக்கு சர்க்கரை ஏறியது. நைட் ஷிப்டை விடச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு ஜெனரல் ஷிப்ட் கேட்டு மனு கொடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் போய் சாயங்காலம் வருகிற ஜெனரல் ஷிப்டுக்காக இங்கே பெண்கள் கோயில் கோயிலாக வேண்டிக்கொள்வார்கள். அவர் சீட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"ஜெராக்ஸ் கடையில அடிச்சு வெச்சிருக்கிற மனுவத்தான் எல்லாரும் குடுக்கறாங்க. ஆபீசரு படிக்கறதே இல்லியாம். நீ நாலு வரி எழுதிக் குடு, படிப்பாரு" என்றார்.

கல்யாணமான இருபது வருடத்தில் அவர் என்னிடம் எழுதச் சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன். மனு பாஸானால் என் ஐந்து காலையும் போய்விடும் என்பது அவர் அறையைத் தாண்டுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. எழுத மாட்டேன் என்று நான் முடிவு எதுவும் செய்யவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று சீட்டை நோட்டுக்கு அடியில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் மறுநாளும் அதையேதான் செய்தேன். எழுதிட்டியா என்று அவர் எப்போதாவது கேட்பார். எழுதிக்கிட்டிருக்கேன் என்பேன். அது பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எழுதியதாவது உருப்படியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கடற்கரையில் தனியாக நடக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. நான் கடலைப் பார்த்தது மொத்தமே மூன்று தடவை. அந்தப் பெண் ஆறு பக்கம் நடப்பாள், ஒரு பக்கம் நிற்பாள், திரும்பி நடப்பாள். ஏழு முறை திருத்தி ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. நடை நன்றாக இருக்கிறது, ஆனால் கதையில் யாருக்கும் எதுவும் நேரவில்லை என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் குழம்பில் உப்பு சரியில்லை. என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கதவைத் திறந்துவிட்டுப் பாருங்கள், யாருக்கு என்ன நேருகிறது என்று தெரியும் என்று பதிலும் எழுதினேன். அனுப்பவில்லை.

நவம்பரில் ஒரு காலை, நைட் முடிந்து மழையில் வந்தவர் வண்டி ஓட்டியபடியே கண் அசந்திருக்கிறார். பஸ் ஸ்டாப் பக்கத்து வேகத்தடையில் வண்டி சரிந்தது. பின்னால் வந்த கூட்டாளி தூக்கி உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். முழங்கையும் முழங்காலும் உரிந்திருந்தன. எலும்புக்கு ஒன்றுமில்லை, பின்னால் லாரியும் வரவில்லை. வீட்டில் இருந்த பஞ்சு தீரும்வரை காயத்தைத் துடைத்து மருந்து போட்டேன்.

மறுநாள் காலை பஞ்சும் பேண்டேஜும் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன். என் நாற்காலியில் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் நோட்டுகள் நாலும் திறந்து கிடந்தன. மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற ஆளைப் போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு நோட்டும் பாத்துட்டேன். என் மனு எதுலயும் இல்லியே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது எகிறியிருப்பேன். அவர் நிஜமாகவே தேடியிருந்தார். இவ்வளவு எழுதியிருக்கிறாளே, நம்முடையது எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ என்று தேடியிருந்தார். இதெல்லாம் என்ன என்று கேட்டார். அப்போதும் நான் சும்மா என்றுதான் சொன்னேன்.

அங்கேயே, அவர் பக்கத்தில் நின்றபடியே மனுவை எழுதினேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வேலையில் எப்போது தலை சுற்றுகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். "நாலு மணி வாக்குல பெல்ட்டு நின்னுபோயி, நான் ஓடற மாதிரி இருக்கும்" என்றார். அப்படியே எழுதினேன். ஐயோ, அதை எடு, டூட்டியில் தூங்குகிறான் என்று மெமோ கொடுத்துவிடுவார்கள் என்றார். மனுவில் அதை அடித்துவிட்டேன். அந்த வரியை நான் கதையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் தள்ளிப்போட்ட மனுவுக்கு மொத்தம் இருபது நிமிடம்தான் ஆனது.

ஜனவரியில் ஜெனரல் ஷிப்ட் வந்துவிட்டது. ஸ்டோரில் வேலை. முதல் திங்கட்கிழமை அவர் தலை வாரி, பவுடர் போட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் கடல் பெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெல்ட் நின்றுபோய்த் தான் மட்டும் ஓடுகிற ஒரு ஆளை எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் பெல் அடித்தது. எடுக்காத விரல்.

எதிர் அக்கா கையில் கறிவேப்பிலையோடு நின்றார். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "அவரு தூங்கறாருக்கா" என்றேன். அக்கா வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தார். வண்டி இல்லை. காலையில் என் வீட்டுக்காரர் கிளம்பியபோது எதிர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்ததே இந்த அக்காதான். வேறு வழியில்லாமல், எழுதிக்கிட்டிருக்கேன் என்றேன்.

"இன்னுமாம்மா? அதான் மனு பாஸாயிடுச்சே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"உன் வூட்டுக்காரருதான். நைட்டு முடிஞ்சி வந்ததும் நேரா எங்க வூட்டாண்ட வந்து நிப்பாரு, கண்ணு ரெண்டும் செவந்துகினு. 'அது மனு எழுதிக்கினு இருக்கும்க்கா, மதியம் வரைக்கும் பெல் அடிக்காதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் படுக்கப் போவாரு. ஒவ்வொரு நைட்டு வாரமும். நாங்ககூட ஏதோ பெரிய மனுன்னு நெனச்சிகினு இருந்தோம்."

ஆகஸ்டிலிருந்து அந்தக் காலைகளை எனக்குக் காவல் காத்தது அவருடைய தூக்கம் இல்லை. தூங்கப் போவதற்கு முன்னால் எதிர் வாசலில் போய் நின்ற அவர். அதுவும் நான் எழுதாத மனுவுக்காக.

"மனு இல்லக்கா. கதை. நான் கதை எழுதறேன்" என்றேன். சொன்னதும் எனக்கே எரிச்சலாக வந்தது. இந்த இரண்டு வார்த்தையை ஜூன் மாதமே அவரிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

அக்கா கறிவேப்பிலையை என் கையில் திணித்தார். "சரி எழுதேன். அதுக்கு ஏம்மா அழுவுற?" என்றார்.