பாவில் ஏறிய புகை

கொழுப்பில்லாத பன்றிக்கறியை உப்பும் வெல்லமும் தடவி ஒரு வாரம் ஃபிரிட்ஜில் ஊறவைத்து, தகர டின்னில் தேங்காய் மட்டைப் புகை போட்டு, வீட்டிலேயே பேக்கன் செய்துகொண்டிருந்தேன். காற்று திரும்பியதைக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் நெசவுக்காகத் தெருவில் நீட்டியிருந்த பட்டு நூல் பாவில் புகை ஏறிவிட்டது.

"யோவ், மறுபடி பீடி பிடிச்சியா? பட்டெல்லாம் நாறுது!" அவர் மனைவி கத்தினார்.

"உன்மேல சத்தியமா இல்லடி."

"சத்தியம் வேற! விட்டுட்டேன்னு சொல்லி ஏமாத்திகினு இருக்க."

பொங்கலோடு பீடியை விட்ட மனுஷன் தலைகுனிந்து நின்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கறியைத் திருப்பிப் போட்டேன். "எனக்குச் சோறு வேணாம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் ஓடினேன்.

"அக்கா, அது என் கறிப் புகை."

அக்கா என்னைத் திட்டவேயில்லை. அவரைப் பார்த்து, "வாய்யா, சாப்பிடு" என்றார்.

பேக்கன் நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்குத்தான் ஒரு துண்டும் சாப்பிட மனம் வரவில்லை.