கிளெண்டா கழுவிய சுவர்

கால்டர்விக் கல்லூரியில் நீச்சல் குளத்துக்கும் ஸ்குவாஷ் அறைகளுக்கும் நடுவே ஒரு நடைவழி உண்டு. நாற்பதடி நீளம். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் இடப்பக்கச் செங்கல் சுவரில்தான், அறுபது வருடங்களுக்கு முன், சிரில் மாசன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் அங்கங்கே செங்கலைப் பெயர்த்துவிட்டு, மலையிலிருந்து சுமந்து வந்த கற்களைப் பதித்தார். வருடத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஊரில் பாறை ஏறப் பழகுகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? பாறையை உள்ளே கொண்டுவந்தார்கள். இதற்கு மாசன் அனுமதி கேட்டதாகக் கோப்பு எதுவும் இல்லை. கேட்டிருந்தால் அது இன்றும் பரிசீலனையில் இருந்திருக்கும்.

உள்ளரங்கில் கட்டிய ஏறுசுவர்களில் நாட்டிலேயே பழையது எங்களுடையது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். வேறு ஊர்க்காரர்கள் கோபமாகக் கடிதம் எழுதிய பிறகு ‘மிகப் பழையவற்றில் ஒன்று’ என்று மாற்றிக்கொண்டோம். அந்தத் திருத்தத்தின் வலி எங்களில் சிலருக்கு இன்னும் ஆறவில்லை.

கிளெண்டா மர்கட்ராய்ட் அந்த நடைவழிக்கு ஏறுவதற்காக வரவில்லை, சாண்ட்விச் தின்ன வந்தாள். 1971. பத்தொன்பது வயது. நீச்சல் குளத்தின் டிக்கெட் ஜன்னலில் வேலை. ஜன்னலுக்குப் பின்னால் குளோரின் வாடை கண்ணைக் கரிக்கும் என்பதால் மதிய அரைமணி நேரத்தை நடைவழியில் நின்றபடியே கழிப்பாள். எதிரே வளர்ந்த ஆண்கள் சுவரில் ஒட்டுவதும், ஊளையிட்டு விழுவதும், விழுந்ததற்குச் சுவரைத் திட்டுவதுமாக இருப்பார்கள்.

சுவரின் நடுவே கற்கள் இல்லாத ஒரு பகுதி இருந்தது. செங்கல்களுக்கு இடையே சாந்தைச் சுரண்டி எடுத்த ஒல்லியான கீறல்கள் மட்டும். ஆண்களின் விரல் உள்ளே போகாது. அதனால் அது முடியாத வழி என்று ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். ஒருநாள் கிளெண்டா சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டு, கீறலில் விரலை நுழைத்து, வேலைக்குப் போடும் ரப்பர் செருப்போடு அந்தப் பகுதியைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் இறங்கினாள்.

கடைசியில் ரெக் என்ற இளம் பிளம்பர்தான் வாயைத் திறந்தான்.

“அது செல்லாது. செருப்பு போட்டிருந்தே.”

கிளெண்டா செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

எங்கள் வழக்கப்படி, ஒரு வழியை முதலில் கடந்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் வருடத்தையும் அது முடியும் செங்கல்லில் சிவப்பு எனாமலில் எழுதிக்கொள்ளலாம். கற்களுக்கெல்லாம் மாசன் தன் கையால் வெள்ளையில் எண் போட்டிருந்தார். அன்று அவரே சிவப்பு டப்பாவைத் திறந்து தூரிகையைக் கிளெண்டாவிடம் நீட்டினார். ஜி.எம். 1971. அந்த வழிக்கு ‘டிக்கெட் ஜன்னல்’ என்று பெயர் வைத்தார்கள். பொறாமையில் வைத்த பெயர், நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கிளெண்டாவின் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அவளே அப்படித்தான் சொல்வாள். இரண்டு கணவர்கள். இருவருமே அவள் சுவருக்குப் போகும் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி முறையிட்டார்கள். முதலாமவர் கனடாவுக்குப் போய்விட்டார். இரண்டாமவர் நல்ல மனிதர், தோட்டத்தில் வெங்காயம் போட்டார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போனார். மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். நாற்பத்தாறு வருடம் அதே குளத்தில் வேலை. ஜன்னலில் ஆரம்பித்து, குளத்து ஓடுகளையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் ஓய்வு பெற்றாள்.

அறுபத்து மூன்றாவது வயதில் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. “தொங்குறதெல்லாம் இனிமே வேண்டாம்” என்றார் டாக்டர். “அப்போ எதுக்கு இந்தக் கை?” என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆனாலும் அவர் சொன்னபடி கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்கூடத் தவறாமல் நடைவழிக்கு வந்தாள், ஏறவில்லை. கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே நேராகப் போய் அந்தக் கீறலில் இரண்டு விரலை வைப்பாள். வீங்கிய விரலின் நுனி மட்டும்தான் நுழையும். அப்படியே கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொடுத்து, எங்கள் கால் வைக்கும் அழகைக் கேலி செய்வாள். எழுபதைத் தாண்டிய ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சியிருந்தோம். கேலிக்குப் பஞ்சம் இருக்காது.

ஒருமுறை நான் அவளை வீட்டில் இறக்கிவிடப் போனபோது, காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“தூக்கத்துல கூட கை தேடுது கண்ணு” என்றாள். “தலகாணிக்கு அடியில, கட்டில் சட்டத்துல, ஒரு விரல் நுழையுற எடம் இருக்கான்னு. வீட்டுக்காரர் செத்து பதினாலு வருஷமாச்சு, அவரைக் கூட இப்படித் தேடல. யார்கிட்டயும் சொல்லிடாதே.”

இப்போது சொல்லிவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் கல்லூரி அறிவித்தது: பழைய விளையாட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே ‘நலவாழ்வு மையம்’ கட்டப்போகிறார்கள். மாணவர்கள் மன அழுத்தம் நீங்க அங்கே உட்கார்ந்து காபி குடிக்கலாம். நடைவழியும் சுவரும் அதோடு போகும். கட்டடப் பொறுப்பாளர் ஜூலியன் கிராப்ட்ரீ எங்களை அழைத்து பிஸ்கட்டோடு பேசினார். சுவரின் முழு அளவுப் புகைப்படத்தைக் காபிக் கடைச் சுவரில் ஒட்டித் தருவதாக வாக்களித்தார்.

“போட்டோவுல எப்படிங்க தொங்குறது?” என்றான் ரெக்.

“அதைப் பாத்து ரசிக்கலாம் சார்” என்றார் ஜூலியன்.

“பாக்குறதுக்கு என் பொண்டாட்டியே போதும்.”

எங்களில் படித்தவன் நெவில், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். லண்டனில் பழைய கட்டடங்களைக் காக்கும் அலுவலகத்துக்கு அவன் பதினோரு பக்கக் கடிதம் எழுதினான். அவர்கள் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டால் சுவரில் ஒரு செங்கலைக்கூட யாரும் அசைக்க முடியாது. ஜனவரியில் பதில் வந்தது. ஒரு ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பார்ப்பார்.

“வீட்டுக்கு ஆள் வருது” என்றாள் கிளெண்டா. அவள் முகம் அப்படிப் பளிச்சிட்டு ஒன்பது வருடமாக நான் பார்த்ததில்லை. “சனிக்கிழமை எல்லாரும் பழைய துணி போட்டுக்கிட்டு வாங்க.”

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வாசற்படிக்கல்லையே தேய்த்து வெளுக்க வைத்த அம்மாக்களின் பிள்ளைகள் நாங்கள். அது போக, ஏறுகிறவர்களுக்கு என்று ஒரு சட்டமும் உண்டு: நீ பிடித்த கல்லை நீயே பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போ. உன் வேர்வையையும், பிடி வழுக்காமல் கையில் பூசிய வெள்ளைத் தூளையும் அடுத்தவனுக்கு விட்டுப்போவது, கழிவறையில் தண்ணீர் ஊற்றாமல் போவதற்குச் சமம். ஐம்பது வருடம் இப்படி வளர்ந்தவர்களிடம் ஒரு சுவரைக் கொடுத்துச் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலை கிளெண்டா நான்கு வாளிகளோடு வந்தாள். கூடவே குளத்து ஓடுகளின் உப்புக்கறை போக்கும் அமிலம். அதைக் கலக்கும் அளவு அவளுக்கு அத்துப்படி.

“கையுறை போடாம தொட்டே, தோலு உரியும் ரெக்.”

“உரிஞ்சா என்ன, அடியில வேற நல்ல தோல் இருக்கும்.”

“உனக்கா? அடியிலயும் இதேதான் இருக்கும்.”

தேய்த்தோம். ஐம்பது வருடக் காலணி ரப்பரின் கறுப்பு வாளி வாளியாக வழிந்தது. சில கற்கள் சுண்ணாம்புப் பாறை. அமிலம் பட்டதும் அவை ‘உஸ்ஸ்’ என்று நுரைத்தன. வெள்ளை எண்கள் போயின. சிவப்பு எழுத்துகளை வாளித் தண்ணீர் இளக்க, கம்பி பிரஷ் முடித்துவைத்தது. “வர்ற ஆள் முன்னால எதுக்கு இந்தக் கிறுக்கல்?” என்றான் ரெக். அவனுடைய எழுத்துகள் மட்டும் ஒன்பது இடத்தில் இருந்தன. ஜி.எம். 1971-ஐக் கிளெண்டாவே தேய்த்தாள். நான் பதினைந்தாம் கல்லிலிருந்து இருபத்திரண்டு வரை தேய்த்தேன். சுவரில் எங்கும் என் எழுத்து கிடையாது, ஆகவே மனசாட்சி சுத்தமாக வேலை செய்தேன். நாலு மணிக்கு எல்லாரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். நேற்றுக் கட்டியதுபோல் இருந்தது. அதைப் பாராட்டாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை வந்த ஆய்வாளர் பெயர் ஃபிலிப்பா. முப்பது வயதிருக்கும். முழங்காலுக்கு மெத்தை கட்டி, நெற்றியில் விளக்கு மாட்டி, எங்களைவிட ஆயத்தமாக வந்திருந்தார். சுவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“இதை எப்போ புதுப்பிச்சீங்க?”

“புதுப்பிக்கிறதா?” என்றாள் கிளெண்டா பெருமையாக. “அறுபத்து நாலுல கட்டுனது கண்ணு. ஒரு கல்லு மாத்தல.”

“இல்லம்மா... நெவில் சார் கடிதத்துல எழுதியிருந்தாரே. கட்டினவர் கையால போட்ட எண்கள், முதல்ல ஏறினவங்க எழுத்து இருநூறு, அம்பது வருஷக் கால் தடம்னு. அதைப் பாக்கத்தான் நான் வந்தேன்.”

குளத்தில் யாரோ குதித்த சத்தம் கேட்டது. நெவில் கூரையைப் பார்த்தான்.

“அதுவா?” என்றாள் கிளெண்டா மெதுவாக. “அழுக்குன்னு நெனச்சேன்.”

ஃபிலிப்பா கோபப்படவில்லை. பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன, அறுபத்திரண்டு. ஒரு கதவகல நடைவழியில் ஏறுகிறவனைப் படம் எடுத்தால் அதில் என்ன விழும்? அறுபத்திரண்டிலும் விழுந்தது அவன் பின்பக்கம்தான். சுவரை மறைத்துக்கொண்டு நிறைந்திருந்தது.

“இது யாரு?”

“ரெக்.”

“இது?”

“அதுவும் ரெக்தான். கால்சட்டை வேற.”

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நெவில் நடைவழியில் நின்று வாசித்தான். சுவரின் வரலாற்றில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லையாம். ஆனால் அந்த வரலாறு இப்போது சுவரில் காணக் கிடைக்காததால் பட்டியலில் சேர்க்க வழியில்லை. மார்ச் முதல் வாரம் இடிப்பு.

கிளெண்டா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“யாராவது ஒரு தடவ திட்டிடுங்களேன். போதும்.”

நெவில் கண்ணாடியைத் துடைத்தான். ரெக் தொண்டையைச் செருமினான்.

“சரி, நான் திட்டறேன். உன் டீ நல்லாவே இல்ல. நாப்பது வருஷமா.”

அவள் சிரித்தாள். சிரிப்பு முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. திரும்பிக்கொண்டு பிளாஸ்க் மூடியை ரொம்ப நேரம் திருகினாள்.

பிப்ரவரியின் கடைசிச் செவ்வாய். குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். வெப்பமூட்டியும் கிடையாது. நீராவி இல்லாத வறண்ட குளிர் நடைவழியில் நின்றது. விரல் வேர்க்காமல் கல் பிடிக்க அதைவிட நல்ல பருவம் எங்களுக்கு எப்போதும் வாய்த்ததில்லை. கல்லூரியிலிருந்து சாவியோடு வந்த ஆள் வெளியே காத்திருந்தார். மூன்று மணிக்குப் பூட்டவேண்டும்.

கிளெண்டா வழக்கம்போல் கோட்டோடு போய்க் கீறலில் விரல் நுனிகளை வைத்தாள். வழக்கம்போல் நின்றாள். பிறகு என்ன தோன்றியதோ, கோட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். வலது காலைத் தூக்கி, அந்தக் கீறல் பகுதியின் ஓரத்தில் இருந்த முப்பத்தொன்றாம் கல்லில் வைத்தாள். அது சுண்ணாம்புப் பாறை. ஆயிரம் கால்கள் மிதித்துச் சோப்புக்கட்டிபோல் ஆகியிருந்த கல், அவள் நன்றாக ஏறிய காலத்திலேயே அவளை வழுக்கிவிட்ட கல்.

கால் நின்றது.

இடது காலும் தரையை விட்டது.

“ஏய் கிளெண்டா!” ரெக் ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் தூக்கி நின்றான். நெவிலும் நானும் பக்கத்தில். “விழுந்தா புடிக்கிறோம்!”

“உங்கள யாருடா புடிப்பா?” என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

ஒரு பிடி. அடுத்த பிடி. கணுக்கள் வெளுத்தன. மூன்றாவது பிடியில் கை மாற்றி, அங்கிருந்து மெல்ல இறங்கினாள். மூச்சு வாங்கியது. முப்பத்தொன்றாம் கல்லை உள்ளங்கையால் தடவினாள். அமிலம் தின்று அது மணல்தாள்போல் சொரசொரத்திருந்தது.

“ஒட்டுது ரெக். எழுபத்தஞ்சுலேருந்து எனக்கு வழுக்குன கல்லு. இப்போ ஒட்டுது.” கொஞ்சம் நிறுத்தினாள். “முப்பது வருஷம் முன்னாடியே கழுவியிருக்கணும்.”

ரெக்கும் குனிந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தான்.

சாவிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். ரெக் அவரை நோக்கி ஐந்து விரலை விரித்தான். கிளெண்டா விரல்களில் ஊதிக்கொண்டு மறுபடி ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தமுறை இறங்கவில்லை. இடது கையை நீட்டினாள். நான்காவது பிடி அவள் விரலுக்கு அரையடி அப்பால் இருந்தது. நாங்கள் மூவரும் அண்ணாந்து கையைத் தூக்கியபடி, அவளோடு சேர்ந்து அந்தப் பக்கமாகச் சாய்ந்தோம்.