கறை இருந்த பக்கம்

எங்கள் கடையிலிருந்து கிழிசலோடு ஒரு துணியும் வெளியே போகாது. இது நான் வைத்த சட்டம். தைக்க வந்த துணியோ, அளவுக்கென்று கொடுத்த பழைய துணியோ, எதுவானாலும் பொத்தான் தொங்கினால் இறுக்கி, அழுக்கிருந்தால் அலசி, மடித்துத்தான் கொடுப்போம். தாராவியில் எங்கள் சந்தில் மட்டும் பன்னிரண்டு தையல் கடைகள். வந்தவன் நம்மிடமே திரும்பி வர வேண்டுமென்றால் வேறென்ன செய்வது? என் கணவர் மிஷினில் உட்காருவார். காஜா, பொத்தான், ரஃபு எல்லாம் என் கை. ரஃபு என்றால் அதே துணியில் நூல் உருவி, கிழிந்த இடத்தில் இழை இழையாகப் பின்னி, கிழிசலே இல்லாமல் பண்ணுவது. அந்தச் சந்தில் ரஃபு போட எனக்கு நிகராக ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது.

அறுபதுகளின் நடுவில் எங்களுக்குச் சினிமா வேலை வர ஆரம்பித்தது. செம்பூரில் ஒரு ஸ்டுடியோ. அதன் உடுப்புப் பிரிவில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வேலை பார்த்தார். அடுத்த சந்தில்தான் குடியிருந்தார். கூட்டத்துக்கு நாற்பது பாவாடை, அரண்மனைக் காவலாளிக்குப் பத்து அங்கி என்று கொண்டுவந்து போடுவார். சந்து முழுக்கப் பிரித்துத் தைக்கும். பண்டிகை இல்லாத மாதங்களில் மூடிக் கிடந்த மிஷின்களெல்லாம் ஓடின. அப்படியும் எனக்குச் சினிமாவின் மேல் மதிப்பு வரவில்லை. முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு ஆடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "பிழைப்புதான் தங்கச்சி, ஒனக்கும் சேத்துத்தான்" என்று சிரிப்பார். என் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தச் சந்தில் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் காலையில் என் கணவர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மிஷின் மேல் போட்டார். தலைவழியே மாட்டுகிற சட்டை, பை கிடையாது. முதுகில் நட்டநடுவே நீளக் கிழிசல், கீழெல்லாம் மண், நெஞ்சில் ஒரு கறை. அதே துணி வாங்க மாட்டுங்காவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் சொன்னார். வாயில் எந்நேரமும் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்து பழகியவர், ஊசி இல்லாதபோதும் வாயைத் திறக்க மாட்டார்.

எவனோ ஆலையில் அடிபட்டவன் சட்டை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சோப்புப் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்து, கறையின் சுவடே தெரியாமல் எடுத்தேன். வெயிலில் காய்ந்ததும் ரஃபுவுக்கு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. முடித்து, இஸ்திரி போட்டு, ஆணியில் மாட்டி, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கணவர் வந்தார். ஆணியைப் பார்த்தார். துணிப் பொட்டலம் கையிலிருந்து விழுந்தது.

"ஏளா, என்னத்தச் செஞ்சு வச்சிருக்க?"

"கண்ணு தெரியலியோ? தொவச்சித் தச்சு வச்சிருக்கேன்."

"அது கதாநாயகன் சட்டைளா! நாளைக்கு மிச்சக் காட்சி எடுக்கணும். இதப் பாத்து டூப்புக்கு இன்னொண்ணு தைக்கத்தான் அண்ணாச்சி குடுத்துவிட்டாரு. அத யாரும் தொடப்படாதுன்னு சொல்லிருந்தாரு."

"அத எங்கிட்டச் சொன்னா ஒங்க வாயில இருந்து முத்து உதிந்துருமோ?" என்று கத்தினேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து பார்த்தார். திட்டுவார் என்று நானும் பதிலுக்குத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நேற்று எடுத்த காட்சியும் நாளைக்கு எடுக்கிற காட்சியும் படத்தில் ஒட்டி ஒட்டி வருமாம். சவுக்கடி வாங்கிய சட்டை நடுவில் புதுசாகிவிட்டால் ஜனங்கள் தியேட்டரில் சிரிப்பார்களாம். போன மாதம்தான் ஒரு தலைப்பாகை மாறிப்போய், இன்னொரு தடவை தப்பு வந்தால் வேலை கிடையாது என்று மேலே இருப்பவர் அவரை எச்சரித்திருந்தார். ஐந்து பிள்ளைகள் அவருக்கு.

கிழிசலைப் பழையபடி பிரிப்பது எளிது, நான் போட்ட இழைதானே. மண்ணுக்குக் குயவர் தெருக் களிமண் இருந்தது. கறைக்குக் கருப்பட்டிப் பாகு காய்ச்சினேன். கறுப்பு வெள்ளைப் படம், இருட்டாகத் தெரிந்தால் போதும் என்றார் அண்ணாச்சி.

"எடம் மட்டும் மாறப்படாது. முப்பது உருப்படி என் கையில பொழங்குது, எந்தப் பக்கம்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. நீதானம்மா தொவச்ச. சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு என் கையைக் கேட்டேன். வலது கையில் பிரஷ். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருந்தது. கறை அந்த இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டையைத் தரையில் விரித்து, என் இடது பக்கத்தில் பாகைத் தேய்த்தேன். ராத்திரி கணவர் தைத்து முடித்த டூப்பின் சட்டைக்கும் அதே இடத்தில் தேய்த்தேன்.

மறுநாள் காலை டாக்ஸியில் அண்ணாச்சி என்னையும் கூட்டிப்போனார். அங்கே ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் ஊசியோடு ஆள் வேண்டுமே.

ஸ்டுடியோவின் உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பலகையிலும் சுண்ணாம்பிலும் ஒரு சந்தைத் தெருவையே கட்டி வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். காட்சியில் உடைப்பதற்காக அடுக்கியிருந்த பானைகள் எங்கள் குயவர் தெருச் சரக்கு. கழுத்துக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சவுக்கு, எங்கள் பக்கத்துத் தோல் பட்டறை பாய் பின்னிக் கொடுத்தது. விளக்கு தூக்குகிறவர்கள் மேலே பலகையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முடி ஒட்டுகிறவர், டீ கொடுக்கிறவர், சந்தையில் நடக்கவென்று கூலிக்கு வந்த நூறு நூற்றைம்பது பேர். அத்தனை பேரும் சும்மா நின்றார்கள், சட்டைக்காக. ஐயோ, இதைப் பார்த்தா ஒரு பிழைப்பா என்று கேட்டேன்?

கையில் நோட்டோடு ஒரு ஒல்லிப் பையன் வந்தான். உதவி டைரக்டராம். முந்தாநாள் எடுத்த போட்டோக்கள் கழுவி வரச் சாயங்காலம் ஆகும் என்றான். நோட்டில் 'மார்பில் ரத்தம்' என்று மட்டும் எழுதியிருந்தானாம், எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. சட்டையைப் பிரித்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"கறை இந்தப் பக்கம்தானா? பக்கா?" என்று இந்தியில் கேட்டான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"பக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு விளக்கெல்லாம் எரிந்தது. ஓரமாகக் கூலிக்கு வந்த பெண்களோடு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவள் மடியில் பிள்ளை. மத்தியானத்துக்கு முன்னால் வேலையை நிறுத்திவிட்டால் அரைக் கூலிதான், சாப்பாடும் கிடையாது என்றாள். போன வாரம்கூட ஒரு நாள் அப்படிப் போயிற்றாம்.

நான்கைந்து தடவை எடுத்தார்கள். நடுவில் கதாநாயகனுக்கு வேர்த்துவிட்டது. முகத்துக்குத் திரும்பப் பூச வேண்டுமென்று சட்டையைத் தலைவழியே உருவிக் கழற்றினார். அது உள்பக்கம் வெளியே வந்து விழுந்தது. கறை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

எந்தத் துணியையும் நான் உள்பக்கம் திருப்பித்தான் துவைப்பேன், சாயம் போகாமல் இருக்க. அன்றைக்கும் திருப்பித்தானே போட்டேன்! திருப்பிப் போட்ட சட்டையில் என் இடது பக்கம் இருந்த கறை, நேராக விரித்தால் வலது பக்கமல்லவா வரும்? எழுந்து சொல்ல வேண்டும். எழுந்தும் விட்டேன். அண்ணாச்சி தூரத்தில் இன்னொருவருக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார், முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் சொன்னால் இப்போதே எல்லாம் நின்றுபோகும், அவர் வேலை இந்த நிமிஷமே போகும். ஒருவேளை நான்தான் குழப்பிக்கொள்கிறேனோ? மடியில் பிள்ளை வைத்திருந்தவள், "என்ன, தலை சுற்றுகிறதா? உட்கார்" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் போட்டோ வந்ததா, அதை யாராவது பார்த்தார்களா, தெரியாது. அதன்பிறகு சந்தில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குத் திக்கென்றது. சோறு இறங்கவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

இருபது நாள் இருக்கும். வேலை நேரத்தில் அண்ணாச்சி கடைக்கு வந்தார். படத்தை வெட்டி ஒட்டும்போது தெரிந்துவிட்டதாம். அடி வாங்கும்போது ஒரு பக்கம் ரத்தம், திரும்பி நின்றதும் மறுபக்கம். அந்த ஒரு நாள் வேலை முழுவதையும் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"யார் தொவச்சதுன்னு கேட்டாவ. நாந்தான்னுட்டேன்" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? எம்பேரச் சொல்லிருக்கலாம்லா?"

"வெளிய குடுத்து இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா, பெறவு தாராவிக்கு ஒரு முழத் துணி அனுப்புவானுவளா? பன்னெண்டு கடை இருக்கும்மா. எனக்கு என்ன, அம்பர்நாத்துல ஒரு ஆலையில ஆளெடுக்காவளாம்." டீயைக் குடித்தார். பிறகு, "சட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. அந்த முதுகுத் துணியில நீ ரஃபு போட்டுப் பிரிச்சது ஒருத்தன் கண்ணுலயும் படல, கேட்டியா" என்றார். மெய்யாகவே மெச்சிக்கொண்டுதான் சொன்னார்.

அன்று ஸ்டுடியோவிலேயே எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஊருக்கெல்லாம் நீளுகிற என் வாய் அப்போது வரவில்லை. செம்பூருக்கு ஒரே பஸ்தான். ஏறிப் போய், துவைத்தது நான், பக்கம் தெரிந்தும் பேசாமலிருந்தவள் நான் என்று மேலே இருக்கும் அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். வாடகையை நினைத்தேன், மற்ற பதினொரு கடைகளை நினைத்தேன், போகவில்லை. பதினொரு கடை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. பயந்துதான் போகவில்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு அம்பர்நாத்துக்குப் போயிற்று. அதற்கடுத்த வாரம் ஸ்டுடியோவிலிருந்து ஒரு புது ஆள் வந்து, அறுபது பாவாடை அவசரம் என்றான். என் கணவர் வாங்கி வைத்தார். நான் என் பங்குக்கு இருபதை எடுத்துக்கொண்டு கொக்கி தைக்க உட்கார்ந்தேன்.